சொல்லும் ஒரு சேமிப்பு
(சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வு)

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகாத நண்பர்கள் நம்மில் குறைவு. ஆனால் பக்கத்திலேயே, சிவகங்கைப் பூங்காவில் நிற்கும் பழைய தேவாலயத்துக்குள் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? அங்கே ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பற்றியபடி நிற்கிறார் ஒரு இளவரசர். இளவரசர், பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. முதியவர், கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். ஜான் பிளாக்ஸ்மேன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சரபோஜியே செய்வித்த நினைவுச் சின்னம் அது. ஒரு இந்து மன்னர் ஒரு பாதிரியாருக்கு ஏன் இவ்வளவு செய்தார்?

சுவார்ட்ஸ் 1726-ல் ஜெர்மானிய நாட்டில், பிராண்டன்பர்க் பகுதியின் சோனன்பர்க் ஊரில் பிறந்தார். ஹாலே நகரில் படித்தபோதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1762 முதல் திருச்சி, 1778 முதல் தஞ்சை என்று வாழ்ந்தவர் கடைசிவரை சொந்த ஊர் திரும்பவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. சோறும் காய்கறியுமே சாப்பாடு.

1779-ல் சென்னைக் கம்பெனி அரசு அவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்கென்று கொடுத்த பணத்தை அவர் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குத் தந்துவிட்டார். தூது மட்டும் பலிக்கவில்லை. மறு ஆண்டே, 1780-ல், ஹைதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது.

போர் வந்தால் பின்னாலேயே பஞ்சமும் வரும் என்பது சுவார்ட்ஸுக்குத் தெரிந்திருந்தது. அரிசி மலிவாக இருந்தபோதே பெருமளவு வாங்கிச் சேர்த்துவைத்தார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. செழிப்பான ஏழு ஆண்டுகளில் யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்த்த வேதாகமக் கதையைப் பிரசங்கம் செய்கிறவர்தானே அவர்! தஞ்சைத் தெருக்களில் மக்கள் எலும்பும் தோலுமாக விழுந்து சாகத் தொடங்கியபோது, அந்த அரிசியும், நல்ல மனம் கொண்டவர்கள் தந்த உதவியும் பல மாதங்கள் ஏழைகளுக்குக் கஞ்சியாயின.

ஆனால் ஒரு தனி மனிதரின் கையிருப்பு ஒரு கோட்டைக்கே எத்தனை நாள் வரும்? கோட்டைக்குள் படையும் மக்களும் பட்டினி. வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது; அதை இழுத்துவர மாடுகள்தான் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் வர மறுத்தார்கள். ஏன் வருவார்கள்? முன்பு அவர்களிடம் வேலை வாங்கியவர்கள் கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். மன்னர் துளஜாவின் ஆணையும் செல்லவில்லை, கம்பெனியின் வாக்குறுதியும் எடுபடவில்லை. அரசனையும் நம்பாத ஜனங்கள் இந்தப் பாதிரியாரையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று கடைசியில் சுவார்ட்ஸிடமே வந்தார்கள்.

கூலிக்கு நான் பொறுப்பு என்று அவர் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன! 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பேசிய கூலியைக் கொடுத்து, மேலே சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே நெருக்கடி வந்தது. இந்த முறை ஜனங்கள் தயங்கவில்லை.

போர் ஓய்ந்த பிறகும் இதே கதைதான். அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களை மன்னர் கூப்பிட்டார்; வரவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். விதைக்கும் பருவம் கடந்துகொண்டிருந்ததால் இரவு பகலாக உழைத்து நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவந்தார்கள்.

1787-ல் துளஜா மறைவதற்கு முன், தத்துப்பிள்ளை சரபோஜியைச் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அந்தச் சிறுவனின் கல்விக்கும் அரியணை உரிமைக்கும் சுவார்ட்ஸ் தொடர்ந்து பாடுபட்டார். 1798 பிப்ரவரியில் அவர் காலமானார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். பின்னாளில் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த அறிஞர் மன்னர் அவர்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கட்டுமானத் தளத்தில் கூலி பாக்கி நின்றதால் ஆட்கள் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள். கிடங்கில் சிமெண்ட் இருந்தது, கம்பி இருந்தது, மழைக்கு முன் முடிக்க வேண்டிய கான்கிரீட்டும் இருந்தது, ஆள்தான் இல்லை. என் டிகிரியும் அட்டவணையும் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு வயதான மேஸ்திரி போய்ப் பேசினார், மறுநாள் பாதிப் பேர் திரும்பினார்கள். வாரக் கடைசியில் தன் கைப்பணத்தையும் போட்டுத்தான் அவர் கூலி கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்த மேஸ்திரி முகம்தான் ஞாபகம் வந்தது.

இன்று படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, கஷ்ட காலத்துக்கென்று நாம் பணம் சேர்க்கிறோம், வீட்டில் அரிசி பருப்பும் வைக்கிறோம். நல்லதுதான், சுவார்ட்ஸும் செய்தார். ஆனால் அவர் சேர்த்த அரிசி தீரக்கூடியது. முப்பது ஆண்டுகள் இந்த மண்ணில் எளிமையாக வாழ்ந்து, சொன்னதைச் செய்து சேர்த்த நம்பிக்கைதான் மாடுகளை வண்டியில் பூட்டவைத்தது. அதைப் பஞ்சம் வந்த பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நல்ல நாளிலேயே, சின்னச் சின்ன வாக்குகளைக் காப்பாற்றித்தான் சேர்க்க வேண்டும். அடுத்த முறை தஞ்சைக்குப் போனால் அந்தப் பழைய தேவாலயத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.