அரைப் புள்ளி தூரத்தில் பால் கெரெஸ்

செஸ் ஆட எதிரில் ஆளே இல்லைன்னா என்ன பண்ணுவீங்க? இப்போ போனை எடுத்தால் போதும். 1930களில் எஸ்டோனியாவின் பார்னு என்ற சின்ன ஊரில் இருந்த பால் கெரெஸ் தபால்காரரைத்தான் நம்பினார். ஒவ்வொரு மூவையும் எழுதித் தபாலில் போடணும், பதில் வர நாட்கணக்கில் காத்திருக்கணும். 1916இல் நார்வாவில் பிறந்த இந்தப் பையன் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 150 ஆட்டங்களை இப்படி ஒரே சமயத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்டாம்புக்கே எவ்வளவு ஆகியிருக்குமோ!

தபால் ஆட்டம் அவருக்கு லேப் மாதிரி. விபரீதமான ஓப்பனிங் எல்லாம் அங்கேதான் டெஸ்ட் ஆகும். கிங்ஸ் கேம்பிட்டில் சிப்பாயைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மூவிலேயே குதிரையை சி3க்கு எடுப்பார். கறுப்பு ராணி எச்4க்குப் பாய்ந்து வந்து செக் வைக்கும். வெள்ளை ராஜா இ2க்கு நடந்துதான் தப்பிக்கணும். காஸ்லிங் அதோட போச்சு. பக்கத்தில் கடிகாரம் ஓடும்போது இதை ஆட ரொம்ப தைரியம் வேணும். தபாலில் என்றால் காயை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நிதானமா யோசிக்கலாம்.

பிறகு தார்து பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். 1938இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டிக்கு அலெகைன், கபாபிளாங்கா, போட்வினிக் எல்லாரும் வந்திருந்தார்கள். கெரெஸ் 14 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ரூபன் ஃபைனும் அதே புள்ளிதான், ஆனால் டைபிரேக்கில் கெரெஸ் முந்தினார். அடுத்தது உலக சாம்பியன் பட்டத்துக்கான மேட்ச்தான் என்று இருந்த நேரத்தில் போர் வந்துவிட்டது. எஸ்டோனியா சோவியத், ஜெர்மனி, மறுபடி சோவியத் என்று கை மாறியது.

அப்புறம் 1962, குராசாவ் தீவு. அங்கே ஜெயிப்பவருக்கு உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்பு. பெட்ரோசியன், கெல்லர், கெரெஸ் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டமும் டிரா! பேசி வைத்து ஆடினார்கள் என்று ஃபிஷர் கொதித்தார். எனக்கென்னவோ அதில் அதிகம் இழந்தது கெரெஸ்தான்னு தோணுது. கடைசிக் கட்டத்தில் பென்கோவிடம் தோற்றார். முடிவில் பெட்ரோசியன் 17.5, கெரெஸ் 17. அந்த டிராக்களில் ஒன்றே ஒன்றை ஜெயித்திருந்தால்? அடுத்த வருஷம் பெட்ரோசியன் உலக சாம்பியன் ஆனார்.

1975இல் வான்கூவரில் ஒரு போட்டியை ஜெயித்துவிட்டுத் திரும்பும் வழியில், ஹெல்சின்கியில் மாரடைப்பால் இறந்தார். பின்னாளில் சுதந்திர எஸ்டோனியா தன் 5 குரூன் நோட்டில் அவர் படத்தைப் போட்டது.