பூண்டி தந்த தீரர்

பைக்காராவும் மோயாறும் பாயும் நீலகிரிச் சாரலில் வாழ்வோர்க்கு, வற்றாத ஆறொன்றும் இல்லாத சென்னை மாநகரின் நீர்வேட்கையை உணர்தல் எளிதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1870 முதற்கொண்டு சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்கு இடம்பெயரும் வழக்கம் இருந்தது. கோப்புகளும் குமாஸ்தாக்களும் மலையேற, தாகமுற்ற மக்கள் மட்டும் கீழே தங்கினர்! அம்மக்களின் தாகத்தைத் தம் தாகமாகக் கொண்டவர் தீரர் சத்தியமூர்த்தி. சட்டமன்றத்தில் முழங்கிய அவர் பின்னாளில் மாநகராட்சிக்கு வந்து ஆற்றிய பணியே இக்கட்டுரையின் பொருளாகும்.

புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் 1887 ஆகஸ்டு 19ஆம் நாள் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1923இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1930 வரை அங்கு விளங்கினார். கேள்விக் கணைகளால் ஆட்சியாளரைத் திணறச் செய்வதில் அவருக்கு நிகர் அவரே எனலாம். நாடக மேடையில் நடித்துப் பண்பட்ட குரலும், தமிழிலும் ஆங்கிலத்திலும் வற்றாத சொல்வளமும் அதற்குத் துணை நின்றன.

எனினும் அம்மன்றத்தில் அவர் ஆற்றிய அனைத்தும் போற்றத்தக்கன அல்ல. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் முயன்றபோது அதை எதிர்த்து நின்றவர் இவர். அம்மையாரும் அதே புதுக்கோட்டை மண்ணினர். அதே மன்னர் கல்லூரியில் பயின்றவர். பேரறிவும் மரபுப்பற்றும் ஒரே நெஞ்சில் குடியிருந்தமையால் நேர்ந்த இக்குறையை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது.

1934இல் நடந்த தேர்தலில் வென்று, மத்திய சட்டமன்றத்தில் காங்கிரசுக் கட்சியின் துணைத் தலைவராகத் திகழ்ந்தார். 1936இல் தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவரானபோது காமராசரைத் தம் செயலாளராக அமர்த்திக்கொண்டார். அடுத்த ஆண்டு மாகாணத் தேர்தல் வந்தது. தாம் நிற்கவிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராசாசிக்கு விட்டுக்கொடுத்தார். இராசாசி முதலமைச்சரானார், அமைச்சரவையில் சத்தியமூர்த்திக்கோ இடமில்லை. வேறொருவராயின் மனங்கசந்து ஒதுங்கியிருப்பர். அவரோ 1939இல் சென்னை மாநகராட்சியின் மேயர் பொறுப்பை ஏற்றார். மாகாண அரசியலின் உச்சியை எட்ட வேண்டியவர் தெருவிளக்கும் குடிநீரும் பேசும் மன்றத்துக்கு வந்தது இறக்கம் என்று சிலர்க்குத் தோன்றலாம். அவர் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை.

அந்நாளில் சென்னையின் தாகத்தைச் செங்குன்றம் ஏரி தணித்து வந்தது. 1872 முதல் அங்கிருந்து நகருக்கு நீர் வந்தது. மக்கள்தொகை ஏழரை இலட்சத்தைத் தாண்டவே அந்த நீர் போதவில்லை. கொசத்தலையாற்றில் மழைக்காலத்தில் பெருகிவரும் வெள்ளம் வீணே கடலில் கலந்தது. அதனைத் திருவள்ளூர் அருகே பூண்டியில் அணைகட்டித் தேக்கி, கால்வாய் வழியே செங்குன்றத்துக்குக் கொணர்வதே திட்டம்.

திட்டம் இருந்தது, காலந்தான் பகையாயிற்று. 1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. போர்ச் செலவில் மூழ்கிய அரசு அணைக்குப் பணம் ஒதுக்க விரும்புமா? மேலும், அவ்வாண்டு அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலக, ஆட்சி ஆளுநர் கைக்கு மாறியிருந்தது. எந்த ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அவ்வாட்சியிடமே நகர மக்களுக்காக வாதாடி இசைவு பெற வேண்டிய நிலை. கொள்கையில் இம்மியும் தளராமல் அதைச் செய்து முடித்தார். 1940 ஆகஸ்டு 8ஆம் நாள், ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் முன்னிலையில் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. மேயர் பதவியின் காலம் ஓராண்டே என்பதை நினைத்தால் அவரது விரைவு விளங்கும்.

அதன்பின் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் மீண்டும் கைதாகி, தொலைதூர அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பெற்றார். அப்பயணத்தில் முதுகுத்தண்டில் ஏற்பட்ட ஊறு அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1943 மார்ச்சு 28ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அகவை ஐம்பத்தைந்து.

பூண்டி அணை 1944இல் நிறைவெய்தியது. தேங்கிய நீரை அவர் கண்ணால் காணவில்லை. அந்நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என வழங்குகின்றது. 1996இல் கிருஷ்ணா நதிநீர் ஆந்திரத்திலிருந்து சென்னையை நாடி வந்தபோது, முதலில் வந்து சேர்ந்த இடமும் அதுவே.