பட்டம் பெறாத மாணவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முதலாமாண்டின் இறுதித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக எனக்குக் காய்ச்சல் கண்டது. வகை நுண்கணிதத் தாளை எழுதவியலாமல் விடுதி அறையில் படுத்துக் கிடந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அந்த ஒரு தாள் ஒரு தாளாகத் தோன்றவில்லை. ஊரே திரண்டு வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று கேள்வி கேட்பது போல் இருந்தது. அப்போது எங்கள் ஜெபக்குழுவைச் சேர்ந்த மூத்த அண்ணன் ஒருவர் அட்டை கிழிந்த ஒரு சிறு புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அத்தியட்சர் அசரியாவின் வாழ்க்கை வரலாறு அது. அவருடைய பெயரை ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். அவரும் கணிதத் தேர்வு வேளையில் நோயுற்று, பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறியவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்தார். இன்று அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. செம்மணல் தேரியும் பனையும் நிறைந்த பகுதி அது. தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். பல ஆண்டுகள் ஆண்மகவு இன்றி வேண்டி நின்ற தாயார் எல்லன் அம்மையார், வேதாகமத்து அன்னாளைப் போலவே, பிறந்த பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயரிட்டார். இளமையிலேயே தந்தை மறைந்தார். கண்டிப்பும் பக்தியும் மிக்க அந்தத் தாயே பிள்ளையை ஆளாக்கினார்.

பத்து வயதளவில் மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நடந்த ஒன்று என்னை வியக்க வைத்தது. கிறிஸ்தவப் பிள்ளைகளே பயின்ற அப்பள்ளியிலும் சாதிப் பிரிவு இருந்தது. அதனை ஒழிக்க மாணவர்களுக்குள்ளேயே ஒரு சங்கம் அமைத்தபோது, அதில் முன்னின்றவர்களுள் சிறுவன் அசரியாவும் ஒருவர். பெரியவர்கள் சொல்லிச் செய்ததன்று. பிள்ளைகள் தாமே கூடிச் செய்தது. இந்தச் செய்தியைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

திருநெல்வேலியில் படிப்பை முடித்து, அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு அது பெயர்ந்தது 1937இல்தான். டாக்டர் வில்லியம் மில்லர் முதல்வராக வீற்றிருந்த காலம் அது. நாட்டின் பெரும் பதவிகளுக்குரியோர் அக்கல்லூரியிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தனர். பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளராக விளங்கி, 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் சென்ற சேலத்துக்காரர் கே. டி. பால் அங்கேதான் அசரியாவின் நண்பரானார். கூடி ஜெபிப்பது, வேதம் வாசிப்பது, பிறகு அதைப் பற்றி வாதிடுவது, இவையே அந்த இளைஞர்களின் மாலைப்பொழுதுகள். அந்த மாணவ நட்பிலிருந்து எத்தனை பெரிய காரியங்கள் பின்னர் முளைத்தன என்பதை எண்ணினால், கல்லூரியில் பாட நேரம் எது, வீண் நேரம் எது என்று பிரிப்பதே கடினம் எனத் தோன்றுகிறது.

கணிதத்தைச் சிறப்பாகப் பயின்றவர் இறுதித் தேர்வை நோயினால் எழுதவில்லை. 1893இல் பட்டமின்றிக் கல்லூரியை நீங்கினார். அக்காலத்தில் பி.ஏ. பட்டம் என்றால் அரசுப் பணிக்குத் திறவுகோல். அடுத்த முறை எழுதியிருக்கலாமே என்று நாம் கேட்போம், நானும் கேட்டேன். அவர் எழுதவில்லை, அதன் பின்னும் எழுதவில்லை. இதனை நான் மெச்சிச் சொல்லவில்லை. தந்தையை இழந்த வீட்டுப் பிள்ளை எடுக்கக்கூடாத துணிச்சல் இது என்றே என் வீட்டார் சொல்வார்கள். ஆயினும் அவர் மனம் ஏற்கெனவே வேறு திசையில் சென்றுவிட்டது. 1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் ஊழியரானார்.

ஒய்.எம்.சி.ஏ. 1844இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை இளைஞர், தம்மோடு வேலை பார்த்தோரைச் சேர்த்துத் தொடங்கிய ஜெபக்கூட்டத்திலிருந்து வளர்ந்தது. சென்னைச் சங்கம் 1890இல் அமைந்தது. அசரியா அதன் செயலாளராகப் பதினான்கு ஆண்டுகள் தென்னாடெங்கும் சுற்றினார். கல்லூரி கல்லூரியாகச் சென்று மாணவரைச் சந்திப்பது, சிறு குழுக்களாக இணைப்பது, அவர்களுக்கு வேதபாடம் நடத்துவது அவர் பணி. வகுப்புக்கும் சந்தைக்கும் நடுவே திசை தெரியாது நிற்கும் வயதினர் மாணவர். அவர்களிடம் பேச அவர்களுள் ஒருவராய் இருந்தவரே தகுந்தவர். அசரியாவுக்கு அப்போது இருபத்தொரு வயது.

1896இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ஷெர்வுட் எட்டி என்ற இளைஞர் இந்தியா வந்தார். தமிழ் கற்றார். அசரியாவும் அவரும் உற்ற தோழர்களாயினர். ஊர் ஊராய் ஒன்றாகச் சென்று ஊழியம் செய்தனர். ஆள்பவர் வெள்ளையர், ஆளப்படுபவர் நாம் என்றிருந்த அந்நாளில், ஒரு வெள்ளையரும் ஒரு பனங்காட்டுத் தமிழரும் சமமாய்ப் பழகியது சாதாரணச் செய்தியன்று. இந்த நட்பின் அருமையை அறிந்தவராதலின், பிற இடங்களில் அது இல்லாமையை அசரியா கூர்ந்து உணர்ந்தார் என்பது என் கருத்து.

1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல்வர்களில் ஒருவர் அவ்வம்மையார். வரதட்சிணை வாங்காமல், ஊர் வழக்கத்துக்கு மாறாக மிகச் சிக்கனமாக நடந்த திருமணம் அது. வரதட்சிணையைக் கண்டித்துப் பட்டிமன்றத்தில் பேசிப் பரிசு பெறும் நம் தோழர்கள் இதைக் கவனிப்பார்களாக!

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ் மாணவர் தமக்குள் ஒரு சங்கம் கண்டு, கடல் கடந்து இந்தியக் கரையில் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். திருநெல்வேலியில் எத்தனை ஆயிரம் கிறிஸ்தவர்கள்! எத்தனை பெரிய ஆலயங்கள்! ஆனால் தம் கைப்பொருளால் பிறருக்கென்று ஒருவரையும் அவர்கள் அனுப்பவில்லையே என்ற வெட்கம் அவரைப் பற்றியது. திரும்பி வந்து நண்பர்களோடு ஜெபத்தில் தரித்திருந்தார். 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிருவாகமும் நம்முடையது என்பதே அதன் விதி. 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்துச் செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில் இந்திய அளவிலான தேசிய மிஷனெரி சங்கமும் உருவாயிற்று. அங்கும் அசரியாவும் கே. டி. பாலும் முன்னின்றனர். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்த ஆண்டு அது என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவர். ஆலயத்துக்குள்ளும் அந்தக் காற்று வீசியது போலும்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிசாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். தமிழ் மண்ணன்று, தெலுங்கு நாடு. மாணவர்க்குச் சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு, தாமே போகவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுக் குருப்பட்டம் பெற்று அங்கே குடியேறினார். முப்பது வயதைத் தாண்டிய பின் தெலுங்கில் பிரசங்கிக்கும் அளவு அம்மொழியைக் கற்றார்.

மறு ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அங்கே மிஷனெரிமாருக்கும் இந்திய ஊழியர்க்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச அசரியா அழைக்கப்பட்டார். மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நட்பைத் தரவில்லை என்ற பொருள்படப் பேசி, நண்பர்களாக வாருங்கள் என்று வேண்டினார். சபையில் சிலர் முகம் சிவந்தது. இன்றளவும் அம்மாநாட்டைப் பற்றி எழுதுவோர் அப்பேச்சைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர்.

அப்போது சென்னை அத்தியட்சராக இருந்தவர் ஹென்றி வைட்ஹெட். கணிதத் துறைத் தோழர்களுக்காக ஒரு சிறு செய்தி: இவர் கணித மேதையும் தத்துவ அறிஞருமான ஆல்பிரட் நார்த் வைட்ஹெடின் உடன்பிறந்தவர். இவருடைய மகனே இடவியலில் புகழ்பெற்ற ஜே. எச். சி. வைட்ஹெட், 1904இல் நம் சென்னையிலேயே பிறந்தவர். விஷயத்துக்கு வருவோம். இந்த வைட்ஹெட் அத்தியட்சர்தான் இந்தியர் ஒருவர் அத்தியட்சராக வேண்டும் என்று விடாது வாதாடினார். வெள்ளையர் சிலர் மட்டுமல்ல, நம்மவர் சிலரும் எதிர்த்தனர். எல்லாவற்றையும் கடந்து, 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அசரியா அபிஷேகம் பெற்றார். வயது முப்பத்தெட்டு.

தோர்ணக்கல்லில் அவர் கட்டியெழுப்பிய வாழ்க்கையை நான் பலமுறை படித்தேன். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் சிற்றூர்களைச் சுற்றினார். ஊழியப் பயிற்சிக்கு வந்த மணமான மாணவர்கள் மனைவியரையும் அழைத்து வந்தனர். அப்பெண்களுக்குக் கற்பிப்பதில் அன்பு அம்மையார் பாடுபட்டார். உலையிடும் போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஆலயத்துக்கென்று தனியே வைக்கும் வழக்கம் ஏழைக் குடிசைகளிலும் நிலைபெற்றது. எங்கள் பாட்டியின் வீட்டிலும் அந்தத் தனிக் கலயம் உண்டு. அதற்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருப்பதை நான் அறியேன். சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவ்விரு சாராருமே தமக்குள் கலவாது இருந்தனர். ஒரே ஆலயம், ஒரே பாத்திரம் என்பதற்காக அசரியா ஆயுள் முழுதும் போராட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளில் அம்மண்டலத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் சேர்ந்தாற்போன்ற தோர்ணக்கல் பேராலயம் கால் நூற்றாண்டு உழைப்பில் எழுந்து, 1939 ஜனவரி 6இல் பிரதிட்டை பெற்றது.

இந்த மதமாற்றங்களைப் பற்றி 1930களில் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை முற்றியது. கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று எதிர்த்த தேசப்பற்றாளர்தான் அசரியா. ஆயினும் தாழ்த்தப்பட்டோர் தம் சமயத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரு பெரியவர்களில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் வயது எனக்கில்லை. எனினும் கேட்கப்படவேண்டியவர்கள் அந்தச் சேரி மக்களே என்பதில் எனக்கு ஐயமில்லை.

1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பி.ஏ. இல்லாத மனிதர் டாக்டரானார்! முந்தைய ஆண்டு, 1919 மே மாதம், தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த முப்பத்துமூவர் கூடிச் சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தனர். அக்கூட்டத்தில் அவர் முதன்மையானவர். பழைய தோழர் எட்டியும் உடனிருந்தார். அந்த ஐக்கியத்துக்காகவே எஞ்சிய காலமெல்லாம் உழைத்து, 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் கண்மூடினார். தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்தது 1947 செப்டம்பர் 27ஆம் நாள்.

மெய்ஞ்ஞானபுரத்துச் செய்தியைப் படித்துப் புத்தகத்தை மூடிய காரணத்தைச் சொல்வதாகக் கூறினேன். எங்கள் ஜெபக்குழுவில் ஒன்பது பேர். புதன்கிழமை இரவு விடுதி மொட்டை மாடியில் கைப்பேசி வெளிச்சத்தில் வட்டமாக அமர்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஜெபிப்போம். பின் கீழிறங்கி உணவுக்கூடத்துக்கு வருவோம். அங்கே ஐவர் ஒரு மேசை, நால்வர் ஒரு மேசை. யாரும் விதி வகுக்கவில்லை. ஊரும் உறவும் பார்த்து அப்படி அமைந்துவிட்டது. ஒரு முழு ஆண்டு நானும் ஐவரோடு உட்கார்ந்து, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர், புத்தகம் வைத்தவர், இருவருமே அந்த நால்வர் மேசைக்காரர்கள்.

இந்த ஆண்டு கல்லூரி திறந்த முதல் புதன்கிழமை, தட்டை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனேன். ஒருவர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு கிரிக்கெட்டைப் பற்றியே தொடர்ந்தது. அடுத்த வாரம் என் பழைய மேசையிலிருந்து ஒருவர் வந்தார். மற்ற மூவர் இன்னும் வரவில்லை. வகை நுண்கணிதத் தாளை நவம்பரில் எழுதுகிறேன்.