அண்ணல் காத்த உணவு நோன்பு

உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு மருத்துவர் கூறிவிட்டால் முதல் வாரம் நாம் காட்டும் ஊக்கம் பெரிது. இரண்டாம் வாரத்தில் எடை பார்க்கிறோம். மூன்றாம் வாரத்தில், பலன் ஒன்றும் தெரியவில்லை என்று பழைய வழிக்கே திரும்பிவிடுகிறோம். பலன் தெரியாத அந்த இடைக்காலத்தை அண்ணல் காந்தியடிகள் கடந்த விதம் நாம் அறியத்தக்கது. அதில் ஜைனப் பெருமக்கள் இருவருக்குப் பங்குண்டு.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் வைணவக் குடும்பத்தவர். ஆயினும், ஜைன நெறி வேரூன்றிய குஜராத்தில் வைணவரும் புலாலை அறவே வெறுத்தனர். ராஜ்கோட்டில் பயின்ற நாளில், இறைச்சி உண்டால் உடல் வலுக்கும், ஆங்கிலேயரை வெல்லலாம் என்று நண்பர் ஒருவர் கூறியதை அவர் நம்பினார். ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சி உண்ட அன்றிரவு, வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கதறுவதாகத் தோன்ற, உறக்கமின்றித் தவித்தார். பின்னர் ஓராண்டுக்குள் ஐந்தாறு முறை அவ்விருந்து நடந்தது. பெற்றோரிடம் பொய் கூற மனம் ஒப்பாமையால் அதைக் கைவிட்டார். இறைச்சி நல்லது என்ற எண்ணம் மட்டும் அகலவில்லை.

1888இல் சட்டம் பயில இலண்டன் செல்ல விரும்பியபோது அன்னை புத்லிபாய் அஞ்சினார். அப்போது உதவியவர் பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவி. அக்குடும்பத்தாருக்கு அறிவுரை கூறி வந்தவர். மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று அவர் முன்னிலையில் மோகன்தாஸ் விரதம் ஏற்றார். அன்னையும் விடை தந்தார்.

இலண்டனில் பசிதான் வரவேற்றது. காலையில் ஓட்ஸ் கஞ்சியால் ஒருவாறு வயிறு நிரம்பும். மற்ற வேளைகளில் உப்பும் காரமுமற்ற பசலைக்கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டுகளுக்குமேல் ரொட்டி கேட்க அவருக்குக் கூச்சம். உடனிருந்த நண்பரோ, எழுத்தறிவில்லாத தாய்க்கு அளித்த வாக்கு செல்லாது என்று நாள்தோறும் வாதிட்டார். மோகன்தாஸிடம் மறுவாதம் இல்லை. இறைச்சி வலிமை தரும் என்று அவரே நம்பியிருந்தாரே! உடல்நலம் கருதி மட்டும் அவ்வுணவை மேற்கொண்டிருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிராது என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று பலன் உண்டா என்று விரதம் கேட்பதில்லை. இன்று காத்தோமா என்று மட்டுமே கேட்கிறது.

பின்பு வேறு வீட்டில் குடியேறி, சைவ உணவகம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். மலிவான கடையில் வயிறார ரொட்டி உண்டும் நிறைவு கொள்ளாமல் திரும்புவார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் அவர் தேடிய உணவகம் கிடைத்தது. அங்கே சைவ உணவு பற்றி ஹென்றி சால்ட் எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு, அந்நாட்டில் முதன்முறையாக மனம் நிறைய உண்டார். நூலைப் படித்து முடித்தபின், அன்னைக்காக ஏற்றிருந்த விரதம் அவருடைய சொந்தக் கொள்கையாயிற்று.

மாற்றம் படிப்படியாகவே வந்தது. ஊரிலிருந்து தருவித்த இனிப்பையும் மசாலாப் பொருள்களையும் நிறுத்தினார். முன்பு வாய்க்கு விளங்காத அதே பசலைக்கீரை இப்போது சுவைத்தது. சுவை நாவில் அன்று, மனத்தில் உறைகிறது என்று கண்டார். முட்டை புலாலாகாது என்று சிலர் கூறியதைக் கேட்டு அதைச் சிறிது காலம் உண்டார். பிறகு, விரதத்தின் பொருள் அதை ஏற்பித்த அன்னை கொண்ட பொருளே என்று தெளிந்து, முட்டை சேர்ந்த பலகாரங்களையும் விலக்கினார். கடைப்பிடிப்போர் பலர் தடுமாறும் இடம் இதுவே. விதியின் சந்துபொந்துகளைத் தேடத் தொடங்கினால் விதியே தளர்ந்துவிடும்.

1891இல் பம்பாய் திரும்பியபோதுதான் அன்னை மறைந்த செய்தியை அறிந்தார். அந்நாளிலேயே வைர வணிகரும் ஜைன ஞானியுமான ராய்சந்த்பாயின் நட்பும் கிட்டியது. பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்ற எண்ணத்தை முதலில் அவருள் விதைத்தவர் ராய்சந்த்பாய். அவ்விதை முளைக்கப் பல்லாண்டுகள் ஆயின. 1901இல் ராய்சந்த்பாய் மறைந்தார். 1912இல்தான், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து காந்தியடிகள் பாலைத் துறந்தார். கறவை மாடுகள் படும் கொடுமையைப் படித்தறிந்ததும் ஒரு காரணம்.

ஆயினும் நோய் அவரை விட்டுவைக்கவில்லை. 1914இல் இலண்டனில் நெஞ்சுறையழற்சி, 1918இல் கடும் வயிற்றுக்கடுப்பு. பால் இன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். விரதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் எண்ணி ஏற்றதுதானே, ஆட்டுப்பால் அருந்தலாமே என்றார் கஸ்தூரிபாய். காந்தியடிகள் இசைந்தார். விரதத்தின் சொல்லைக் காத்து உட்பொருளை இழந்தோமே என்ற வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை. அதற்காக மற்ற நியமங்களைக் கைவிடவும் இல்லை. எளிய உணவும் நாள்தோறும் நடையும் தொடர்ந்தன.

1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து அவர் நடக்கத் தொடங்கியபோது வயது 60. ஏறத்தாழ 240 மைல் கடந்து, ஏப்ரல் 5 அன்று தண்டிக் கடற்கரையை அடைந்தார்.