போர்க்களத்தை விட்டுப் பாசறைக்கு வந்தவர்: பேடன் பவல் பிரபுவின் வாழ்வு

வளைகுடா நாடுகளில் கார்த்திகை முதல் பங்குனி வரையான மாதங்களே திறந்த வெளியில் தங்குவதற்கு உகந்தவை. வெயிலின் கொடுமை தணிந்திருக்கும் இக்காலத்திலே சாரணர் துருப்புகள் பாலைவன மணலிற் கூடாரமடித்துப் பாசறை அமைக்கின்றன. றியாத் நகரின் பத்தாப் பகுதியில் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூடும் எம்மவர் பலருடைய பிள்ளைகள் ஊரிலே படிக்கின்றனர். சாரணர் பாசறைக்குப் போக மகன் விரும்புகிறான், அனுப்பலாமா என்ற கேள்வி தொலைபேசி வழியாகத் தந்தையை வந்தடைகின்றது. காக்கிச் சீருடையைக் கண்டதும் பிள்ளைகளை ஒளித்துவைத்த காலமொன்றைக் கடந்து வந்தவர்கள் நாம். ஆதலால் தந்தையர் சிலர் தயங்குவதில் வியப்பில்லை. இச்சீருடையைச் சிறுவர்க்கு அளித்தவர் யார், எவ்வழியால் அவர் அதனை வந்தடைந்தார் என்பதை அறிவது இத்தயக்கத்தைத் தீர்க்க உதவக்கூடும்.

றொபேட் பேடன் பவல் 1857 பெப்ரவரி 22ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் கேத்திர கணிதப் பேராசிரியர். மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் காலமானார். பெருங்குடும்பத்தின் பொறுப்பைத் தாயார் ஹென்றியேற்றா ஏற்றார். சார்ட்டர்ஹவுஸ் பாடசாலையிற் படித்த காலத்தில், மாணவர் செல்லக்கூடாதெனத் தடுக்கப்பட்டிருந்த அயற்காட்டினுள் ஒளிந்து சென்று, முயல் பிடித்து, புகை எழாத நெருப்பிற் சமைத்துண்பது அவருக்குப் பழக்கமாயிற்று. ஒக்ஸ்போட்டில் அவர் நாடிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இராணுவப் பரீட்சையிலோ முன்னணியிற் தேறினார். 1876இல், பத்தொன்பது வயதில், குதிரைப்படை அதிகாரியாக இந்தியா வந்து இலக்னோவிற் பணியேற்றார்.

அடுத்த முப்பது ஆண்டுகளும் அவர் பேரரசின் படைவீரர். இதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. 1896இல், இன்றைய சிம்பாப்வேயில் மாற்றபேலே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, பிடிபட்ட தலைவரான உவினியை இராணுவ மன்றில் விசாரித்துச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டவர் அவரே. அச்செயல் குறித்து அவர்மீது விசாரணை நடந்தது. குற்றமில்லையென அவர் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு எதுவாயினும், பிடிபட்ட பின் கொல்லப்பட்டவர்களின் கதைகளை நன்கறிந்த எமக்கு உவினியின் பெயரைக் கடந்துபோதல் இயலாது.

அவருக்குப் புகழ் தந்தது தென்னாபிரிக்காவின் மஃபெக்கிங் நகரம். 1899 ஒக்ரோபரில் போயர் படைகள் அந்நகரைச் சூழ்ந்தன. 217 நாள்கள் நீடித்த முற்றுகை 1900 மே மாதத்தில் நீங்கியபோது இலண்டன் வீதிகள் விழாக்கோலம் பூண்டன. ஆனால் முற்றுகைக்குள் உணவு பங்கிடப்பட்ட முறையில் ஆபிரிக்கர் பெரிதும் பாதிக்கப்பட்டனர் என்பதும், பட்டினியால் அவர்களிற் பலர் மாண்டனர் என்பதும் வரலாறு. அங்கே சிறுவர் அணியொன்றும் இயங்கியது. வளர்ந்தோர் காவலரண்களில் நிற்பதற்காக, செய்தி கொண்டோடும் வேலையும் காவல் பார்க்கும் வேலையும் அச்சிறுவருக்கு அளிக்கப்பட்டன. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர் அதனை நிறைவேற்றுவர் என்ற பாடத்தைத் தளபதி அங்கே கற்றார். எமது மண்ணிலும் போர் சிறுவரைத் தேடி வந்தது. ஆகவே அப்பாடம் எந்தச் சூழலிற் கற்கப்பட்டது என்பதை நாம் எளிதில் மறக்கமாட்டோம்.

இதன் பின்னரே அவர் வாழ்வு திசை மாறுகின்றது. படையினர்க்கென அவர் எழுதி 1899இல் வெளிவந்த வேவுக்கலைக் கைந்நூலைச் சிறுவரும் ஆசிரியரும் வாங்கிப் படிப்பதை நாடு திரும்பிய அவர் கண்டார். அமெரிக்காவில் ஏர்னஸ்ற் தொம்சன் சீற்றன் சிறுவர்க்காக நடத்திய வனவாழ்வுக் குழுக்களைப் பற்றியும் அறிந்தார். போருக்குரிய கூறுகளை நீக்கி, காட்டைப் படிக்கவும் அயலாருக்கு உதவவும் சிறுவரைப் பழக்கும் திட்டமொன்றை வகுத்தார்.

1907 ஆகஸ்டில், ஐம்பது வயதில், பிறவுண்சித் தீவில் அத்திட்டத்தைச் சோதித்தார். செல்வர் படிக்கும் பாடசாலைகளிலிருந்தும் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்தும் இருபதளவான சிறுவர் வந்தனர். ஓநாய், எருது, காகம், குருலு எனப்படும் நீர்ப்பறவை ஆகியவற்றின் பெயர்களில் நான்கு அணிகள் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் அணிக்கும் சிறுவனொருவனே தலைவன். வர்க்க பேதம் மிகுந்த அன்றைய இங்கிலாந்தில் பிரபுவின் மகனும் தொழிலாளியின் மகனும் ஒரே அடுப்பிற் சமைத்தமை சிறிய காரியமன்று. சாரணியத்தின் கைந்நூல் 1908இல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. வாங்கிய சிறுவர் எவரையும் கேளாமலே துருப்புகளை அமைத்துக்கொண்டனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த அணிவகுப்பிற்குப் பெண்பிள்ளைகளும் வந்து நின்றனர். அதன் பயனாக, சகோதரி அக்னஸின் துணையோடு 1910இல் பெண் சாரணியம் தோன்றியது. அதே ஆண்டில் அவர் இராணுவத்தை விட்டு விலகினார். 1912இல் ஒலேவ் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டிலேயே இலங்கையில் மாத்தளையிலும் சாரணியம் தொடங்கியது.

தமிழிலக்கியத்திற் பாசறை என்பது அரசன் போர்மேற் சென்று தங்கும் இடம். இலங்கைச் சாரணர் அச்சொல்லையே தமது முகாமுக்குச் சூட்டிக்கொண்டனர். பேடன் பவல் நடந்த வழியும் ஏறத்தாழ அதுவே.

குடியேற்ற நாடுகளிற் கதவு உடனே திறக்கவில்லை. இந்தியாவில் சாரணியம் முதலில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. சென்னையில் அன்னி பெசன்ற் அம்மையாரும் ஜோர்ஜ் அருண்டேலும் முதலாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். 1921இல் பேடன் பவல் அங்கு சென்றபோது அச்சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. எனினும் 1937ஆம் ஆண்டுப் பயணத்தையொட்டி இந்தியரின் ஒழுக்கம்பற்றி அவர் வெளியிட்ட கருத்துகள் சீற்றத்தைக் கிளப்பின. மறுபடியும் தனிச் சங்கம் பிறந்தது. 1950இலேயே பாரத சாரணர் இயக்கமாக யாவரும் ஒன்றாயினர்.

1920இல் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் முதலாவது உலகச் சாரணர் பெருவிழா கூடியது. உலகப் போர் முடிந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அங்கே பேடன் பவல் உலகத் தலைமைச் சாரணராக ஏற்கப்பட்டார். 1929இல் ஏறோ பார்க்கில் பல்லாயிரம் சாரணர் கூடியபோது பிரபுப் பட்டம் வந்தது. அக்காலத்தில் நிகழ்ந்த மற்றொன்று எம்மைப் போன்றோருக்கு இவ்விழாக்களிலும் முக்கியமானது. தாய்நாட்டை விட்டு வெளியேறிய ரஷ்யச் சாரணரையும், பிரான்சில் அடைக்கலம் புகுந்த ஆர்மேனியச் சாரணரையும் 1920களின் இறுதியில் உலக அமைப்பு உறுப்பினராக ஏற்றது. நிலம் இழந்தோரும் தம் மொழியிற் பிள்ளைகளைப் பாசறைக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. ஏகாதிபத்தியத் தளபதியொருவர் தொடங்கிய இயக்கம் ஏதிலிகளின் கைக்கும் வந்து சேர்ந்தது. மறுபுறத்தில், முசோலினியும் ஹிட்லரும் தத்தம் நாடுகளிற் சாரணியத்தைக் கலைத்து, சிறுவரைக் கட்சிப் படையணிகளிற் சேர்த்தனர். இரண்டும் சீருடைகளே, வேறுபாட்டை அக்காலத்துப் பெற்றோர் பலர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர்.

1937இல், எண்பது வயதில், நெதர்லாந்துப் பெருவிழாவிற் சாரணரிடம் விடைபெற்றார். 1938இல் கென்யாவின் நியேரி நகரிற் குடியேறி, 1941 ஜனவரி 8ஆம் நாள் அங்கேயே காலமானார். அவருடைய கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் பொறிக்கப்பட்டுள்ளன. வழிகாட்டும் குறிகளில் அது வீடு திரும்பிவிட்டதைக் குறிப்பது. வீடு திரும்புதல் என்பது எம்மிற் பலருக்கு இன்னும் கைகூடாதது என்பதால் அக்குறியின் பொருள் எமக்கு நன்கு விளங்கும்.

அவர் மறைந்த பின்னும் இயக்கம் பரவியது. சவூதி அரேபியாவில் ஹஜ் காலத்திற் சாரணர் முகாமிட்டு, வழிதவறிய யாத்திரிகரை அவரவர் கூடாரம் சேர்க்கின்றனர். நல்லூர்த் திருவிழாவில் எமது சாரணரும் அடியார்க்குத் தொண்டு செய்கின்றனர். ஒரு சீருடையை அதனை முதலில் தைத்தவரைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அதனை அணிந்த பிள்ளையின் கையில் என்ன இருக்கின்றது, அப்பிள்ளையை யாரிடம் யார் அனுப்புகின்றனர், விரும்பியபோது வீடு திரும்ப முடியுமா என்பனவற்றையே பெற்றோர் கேட்டறிய வேண்டும். கையிலே கயிறும் நீர்ப்போத்தலும் இருந்து, முகாம் முடிந்ததும் பிள்ளை வீடு வந்து சேருமாயின், பத்தாவிலிருந்து தொலைபேசியில் விடை கூறும் தந்தை தயங்க வேண்டியதில்லை.