வெள்ளியைத் தேடிப் புதுவை வந்தவர்

நல்ல தொலைநோக்கி இல்லையே என ஏங்கும் என் போன்ற அறிவியல் மாணவர்க்கு, 1725-இல் பிறந்த பிரெஞ்சு வானியலார் கியோம் லெ ழான்தியின் வாழ்க்கை ஒரு பாடமாகும்.

கதிரவனை வெள்ளிக்கோள் கடக்கும் நேரத்தைப் பல நாடுகளிலிருந்து அளந்தால், கதிரவனின் தொலைவைக் கணக்கிடலாம். அதற்காகவே 1760-இல் அவர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வழியிலேயே ஊரை ஆங்கிலேயர் கைப்பற்றிய செய்தி கிட்டியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் துல்லியமாக அளக்க இயலுமா?

மனந்தளராமல் எட்டாண்டுகள் காத்திருந்தார். 1768-இல் புதுவை வந்து, இடிந்த கோட்டை மாளிகைமீது ஆய்வுக்கூடம் அமைத்தார். முன்னாள் பகைவரான ஆங்கிலேயரே சென்னையிலிருந்து சிறந்த தொலைநோக்கி ஒன்றை அனுப்பினர். இருவகைக் கண்ணாடிகளை இணைத்த அதன் வில்லை, உருவின் விளிம்பில் வண்ணம் கசியாமல் காட்டும். இன்று காமிராவுடன் பொருத்தத் தொலைநோக்கி வாங்குவோரும் கவனிக்க வேண்டியது இதுவே.

1769 ஜூன் 4 விடியலில் மேகம் சூழ்ந்தது. வெள்ளி கடந்த பின்னரே கதிரவன் முகம் காட்டியது!

ஆயினும் புதுவையில் தமிழர் ஒருவரிடம் அவர் கிரகணம் கணிக்கக் கற்றார். சோழிகளை நகர்த்தியே கணித்தார் அத்தமிழர். 1765-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கால அளவில் அவர் கணக்கின் பிழை 41 விநாடியே.

1771-இல் தாயகம் திரும்பிய லெ ழான்தி, தாம் இறந்தவராகக் கருதப்பட்டதையும் சொத்து பங்கிடப்படுவதையும் கண்டார். சோராமல் தம் பயணத்தை இரு தொகுதிகளாக எழுதி, 1792-இல் மறைந்தார்.

அடுத்து வெள்ளி கதிரவனைக் கடப்பது 2117-இல். அதை நான் காணேன். ஆனால் அந்நேரத்தைக் கணிக்கத் தொலைநோக்கி வேண்டியதில்லை. பாகூர் ஏரிக்கரையில் மாலை வெள்ளியைப் பார்த்தபடி அக்கணக்கைக் கற்கத் தொடங்கியுள்ளேன்.