ஹாண்டிலுக்கு விடை கொடுத்த விஞ்ஞானி

பழைய கார் ஒன்றின் சாவியைத் திருப்புகிறார் டிரைவர். எஞ்சின் கிளம்பிவிடுகிறது. ஆனால் திருப்பிய சாவி தானாகத் திரும்பி வரவில்லை; அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பானெட்டுக்குள்ளிருந்து கிர்ரென்று ஒரு சத்தம் ஓயாமல் கேட்கிறது. கவனிக்காமல் விட்டால் சற்று நேரத்தில் கருகும் வாசனை வரும். செல்ப் மோட்டார் போயிற்று!

ஒரு சின்ன ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு மோட்டாரே பலியாவானேன்? மின்விசிறியின் மோட்டார் இரவும் பகலும் சுற்றுகிறது; அதற்கு ஒன்றும் ஆவதில்லை. காரின் செல்ப் மோட்டாருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

அது நெடுநேரம் ஓடுவதற்காகப் பிறந்த மோட்டார் அல்ல என்பதே விடை. ஒரு சில விநாடிகள் மட்டும், தன் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமந்துவிட்டு உடனே ஓய்வெடுக்க வேண்டும் என்பது அதன் பிறவி நியதி. அந்த நியதியை வகுத்து, உலகத்தின் கோடானு கோடிக் கார்களுக்கு உயிர் கொடுத்தவர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் என்ற அமெரிக்கர்.

கண் வலியோடு ஒரு கல்வி

அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், லௌடன்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி கெட்டரிங் பிறந்தார். வயல் வேலையும் பள்ளிப் படிப்புமாக இளமை கழிந்தது. படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் கண்கள்தாம் ஒத்துழைக்கவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் படித்தால் போதும், தலைவலி மண்டையைப் பிளந்துவிடும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சில காலம் வேலை பார்த்தார். பிறகு ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் சேர்ந்தார். கண் உபாதை அங்கும் விடவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, டெலிபோன் கம்பெனி ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தார். கம்பம் நட குழி தோண்டினார்; கம்பி இழுத்தார். வெளிக்காற்றும் உடலுழைப்பும் கண்ணுக்கு இதமாக இருந்தன. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் கிடைத்தது. மின்சாரம் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடமாக இல்லாமல், கையால் தொட்டுப் பழகிய பொருளாயிற்று. எங்கோ ஓரிடத்தில் கம்பி அறுந்தால் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கம்பங்களின் மீது ஏறித்தான் அவர் கற்றார்.

மறுபடியும் சர்வகலாசாலைக்குப் போனார். கூடப் படித்தவர்கள் பாடங்களை வாய்விட்டுப் படித்துக் காட்ட, காதால் கேட்டே கற்றார். 1904-ஆம் ஆண்டு மின்சார எஞ்சினீயரிங் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தேழு.

கல்லாப் பெட்டி காட்டிய வழி

பட்டம் பெற்றதும் டெய்ட்டன் நகரில் இருந்த நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. விமானம் கண்ட ரைட் சகோதரர்களும் இதே டெய்ட்டன்வாசிகள்தாம். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லாப் பெட்டி யந்திரங்களைச் செய்வது அந்தக் கம்பெனியின் தொழில். விற்பனைத் தொகையைப் பதிவு செய்து இழுப்பறையைத் திறக்க, கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையை மின்சாரத்திடம் ஒப்படைக்கும் பொறுப்பு கெட்டரிங்கிடம் வந்தது.

இவ்வளவு பாரத்தை இழுக்கப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டார் கல்லாப் பெட்டிக்குள் அடங்காது. இதுதான் சிக்கல். கெட்டரிங் வேறு விதமாக யோசித்தார். இழுப்பறை திறக்க ஒரு விநாடி போதும். அடுத்த வாடிக்கைக்காரர் வரும் வரையில் மோட்டாருக்கு ஓய்வு. ஒரு விநாடிக்காக ஒரு சிறிய மோட்டாரை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் என்ன? சூடாவதற்குள் வேலை முடிந்துவிடுமே! மூட்டை தூக்கும் தொழிலாளி தன் எடையை விட அதிகமான மூட்டையைத் தூக்கிச் சில அடி நடந்துவிடுவார். அதையே நாள் முழுதும் சுமக்கச் சொன்னால் விழுந்துவிடுவார். மோட்டாரின் கதையும் அதுதான் என்று கெட்டரிங் கண்டார். மின்சாரக் கல்லாப் பெட்டி பிறந்தது.

கொட்டகையில் கூடிய நண்பர்கள்

அந்தக் கம்பெனியில் எட்வர்டு டீட்ஸ் என்ற உயர் அதிகாரி கெட்டரிங்குக்கு உற்ற நண்பர். மோட்டார் கார்கள் பெருகத் தொடங்கிய காலம். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் நண்பர்கள் சிலர் கூடி, காரின் மின்சாரப் பகுதிகளைச் சீர்திருத்த முனைந்தார்கள். 1905-ல் கெட்டரிங்கை மணந்திருந்த ஆலிவ் அம்மையார், கணவர் நிரந்தர உத்தியோகத்தை விட்டு இந்தக் கொட்டகையை நம்பி இறங்கியபோது தைரியமாகத் துணை நின்றார். 1909-ல் உருவான அவர்களுடைய கம்பெனிக்கு, டெய்ட்டன் எஞ்சினீயரிங் ஆராய்ச்சிக்கூடம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘டெல்கோ’ என்று பெயரிட்டார்கள்.

முதலில் அவர்கள் கை வைத்தது, பிளக்கில் தீப்பொறி உண்டாக்கும் ஏற்பாட்டில். அக்காலத்துக் காயில்கள் ஒவ்வொரு தடவையும் பல பொறிகளைச் சடசடவென்று தெறித்து, பாட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். வேண்டிய சமயத்தில், வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பலமான பொறி விழுமாறு கெட்டரிங் செய்தார். காடிலாக் கம்பெனி அதைத் தன் 1910-ஆம் வருஷத்துக் கார்களில் பொருத்திக்கொண்டது. பாட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று வளர்ந்த அந்தப் பரம்பரை, எலெக்ட்ரானிக் ஏற்பாடு வரும் வரையில் உலகை ஆண்டது. நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய பழைய அம்பாஸடரும் பியட்டும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவைதாம்.

கையை முறித்த ஹாண்டில்

அந்நாளில் காரைக் கிளப்புவது வீரச் செயல். முன்புறம் ஹாண்டிலைச் செருகி, உடல் பலம் முழுவதையும் கூட்டிச் சுழற்ற வேண்டும். பொறி சற்று முந்திவிட்டால் எஞ்சின் எதிர்ப்புறமாக உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். பலம் குறைந்தவர்களும், முதியவர்களும், பெரும்பாலான பெண்மணிகளும் காரைத் தாமே ஓட்ட நினைப்பதற்கே இந்த ஹாண்டில் தடையாக நின்றது.

காடிலாக் அதிபர் ஹென்றி லீலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன கார் ஒன்றைக் கிளப்ப உதவப் போய், ஹாண்டில் உதைத்து அடிபட்டு, பிறகு உயிர் நீத்தார் என்ற கதை மோட்டார் உலகில் வழங்கி வருகிறது. அந்தத் துயரம் லீலண்டின் மனத்தை வாட்டியது என்றும் சொல்வார்கள். ஹாண்டிலை ஒழிக்கும் பணி கெட்டரிங்கிடம் வந்து சேர்ந்தது.

பெரிய எஞ்சினைச் சுழற்ற எஞ்சினளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று பலரும் நம்பிய காலம் அது. கெட்டரிங்குக்குக் கல்லாப் பெட்டி நினைவில் இருந்தது. கார் கிளம்பவும் சில விநாடிகளே போதும். சிறிய மோட்டார், பெரிய பாரம், குறுகிய நேரம்: கணக்கு ஒன்றுதான். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டாரை எஞ்சின் சுழற்றும். அப்போது அது டைனமோவாக மாறிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும். அந்த மின்சாரத்தில் விளக்கும் எரியும். வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு.

கொட்டகையில் இரவு பகலாக வேலை நடந்தது. 1911 பிப்ரவரியில் காடிலாக் கம்பெனியாருக்கு அது ஓட்டிக் காட்டப்பட்டது. 1912-ஆம் வருஷத்துக் காடிலாக், ஹாண்டில் தொல்லை இல்லாத காராக வெளிவந்தது. இந்த மின்சார ஏற்பாட்டுக்காக அந்தக் காருக்கு இங்கிலாந்தின் ட்யூவர் கோப்பையும் கிடைத்தது. 1919 முதல் போர்டு கம்பெனியின் பிரபலமான மாடல் டி காரிலும் மின்சார ஸ்டார்ட்டர் இடம் பெறத் தொடங்கியது. யாரும் மேடை போட்டு முழங்காமலே, காரோட்டும் உரிமை பெண்களின் கைக்கு வந்தது.

சாவி ஒட்டிக்கொண்டால்

ஆரம்பத்தில் ஸ்டார்ட்டருக்கு மிதியோ குமிழோ தனியாக இருக்கும். எஞ்சினுக்கு மின்சாரம் விடும் சாவி வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, சாவியைத் திருப்பினாலே கார் கிளம்பும் முறையை 1949-ல் கிறைஸ்லர் கம்பெனி தன் கார்களில் கொண்டு வந்தது. சௌகரியம் வந்தது, கூடவே ஒரு புதிய நோயும் வந்தது. ஸ்விட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் சாவியை ‘ஸ்டார்ட்’ நிலையிலிருந்து பின்னுக்குத் தள்ளுகிறது. வருஷக்கணக்கில் பழைய கிரீஸ் கெட்டியாகி, தூசி சேர்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் சாவி ஒட்டிக்கொள்ளும். கனமான சாவிக்கொத்தைத் தொங்க விடுவதும் ஸ்விட்சைத் தேய்த்துவிடும். சில விநாடிகளுக்கென்று பிறந்த மோட்டார் பல நிமிஷம் ஓட நேர்கிறது, கருகுகிறது.

அப்படி நேர்ந்தால் உடனே சாவியைக் கையாலேயே பின்னுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்போதும் மோட்டார் நிற்கவில்லையென்றால் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிடுவதே உத்தமம். பிறகு, குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, சாவியையும் அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டரின் ஸாலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பியைக் கழற்றிப் பாட்டரியை மறுபடி இணைக்கலாம். மோட்டார் மீண்டும் சுழன்றால், ஸாலினாய்டுக்குள் இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சாவி ஸ்விட்ச் நிரபராதி. மோட்டார் சும்மா இருந்து, கழற்றிய கம்பியில் வைத்த டெஸ்ட் லாம்ப் சாவி அணைந்திருக்கும்போதும் எரிந்தால், குற்றம் ஸ்விட்ச் பக்கம். பூட்டின் உள்பகுதி மட்டும் இறுகியிருந்தால் கிராபைட் பொடி தூவிச் சரி செய்யலாம். எண்ணெய் விட்டால் அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும். உள்ளே தகடுகள் எரிந்துபோயிருந்தால் புது ஸ்விட்ச் மாற்றுவதுதான் வழி.

சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிக் காசைக் கரைக்காமல், ஒவ்வொன்றாக விலக்கி உண்மையான பழுதைக் காணும் இந்த வழிதான் கெட்டரிங்கின் வாழ்நாள் வழியும். அனுமானத்தை அவர் நம்பமாட்டார், யந்திரத்தையே கேட்பார்.

புகழும் பழியும்

டெல்கோ கைமாறி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்தது. 1920 முதல் 1947 வரை அந்த மாபெரும் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்குக் கெட்டரிங் தலைமை வகித்தார். எல்லாம் வெற்றியாக அமைந்துவிடவில்லை. தண்ணீர் வேண்டாத, தாமிரத் தகடுகளால் குளிரும் எஞ்சினை அவர் உருவாக்கினார். 1923-ல் அது செவர்லே கார்களில் வந்து, படுதோல்வி அடைந்து, திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது. மனமுடைந்த கெட்டரிங் விலக முன்வந்தார். தலைவர் ஸ்லோன் அவரை விடவில்லை. 1930-களில் ரயில்களை இழுத்த புதிய டீசல் எஞ்சின்கள் அந்தத் தோல்விக்கு ஈடு செய்தன.

ஆனால் ஈடு செய்ய முடியாத பிழை ஒன்றும் உண்டு. எஞ்சினில் எழும் டொக் டொக் சத்தத்துக்கு அவருடைய மின்பொறி ஏற்பாடே காரணம் என்று சிலர் குறை கூறினார்கள். காரணம் பெட்ரோலில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க அவர் முனைந்தார், நிரூபித்தார். 1921-ல் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கலவை ஒன்றைப் பெட்ரோலில் சேர்த்தால் சத்தம் அடங்குவதைக் கண்டார். ஈயம் விஷம் என்பது அன்றே தெரிந்த விஷயம். 1924-ல் நியூஜெர்ஸியில் அந்தக் கலவையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் இறந்தனர். அப்படியும் விற்பனை தொடர்ந்தது. பல தலைமுறைக் குழந்தைகளின் மூளைக்கு அந்தப் புகை கேடு விளைவித்தது. இந்தியா 2000-ஆம் ஆண்டிலும், கடைசி நாடாக அல்ஜீரியா 2021-லும் அதை அறவே கைவிட்டன. யந்திரத்தின் ஒவ்வொரு முனகலுக்கும் காது கொடுத்தவர், அந்தத் தொழிலாளர்களின் சாவு அறிவித்த பழுதுக்குச் செவி சாய்க்கவில்லை.

1945-ல் ஸ்லோனும் கெட்டரிங்கும் பேர் கொடுத்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் நியூயார்க்கில் பிறந்தது. மறு ஆண்டே ஆலிவ் அம்மையார் அதே நோய்க்குப் பலியானார். 1958-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, தமது எண்பத்திரண்டாம் வயதில் கெட்டரிங் டெய்ட்டனில் காலமானார். டெய்ட்டனை ஒட்டிய நகரம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பழுது எங்கே இருக்கிறது என்று பொறுமையோடு தேடுகிறவனுக்குத் தீராத சிக்கல் இல்லை என்பது அவர் வாழ்க்கையின் முதல் பாடம். நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் தேடிவிட்டு, வேண்டாத இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பது இரண்டாவது பாடம். முதலாவதை அவர் செய்து காட்டினார். இரண்டாவதை அவர் செய்யத் தவறியதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது.